108-ல் இ.எம்.டி.யாக இருப்பவர் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் படிக்கப் போகலாமா?

கேட்டிருக்கும் தம்பி திருவாரூர் பக்கம், 108 ஆம்புலன்ஸில் நான்கு வருடமாக இ.எம்.டி. (வண்டியில் நோயாளிக்கு அவசர சிகிச்சை கொடுப்பவர்), வயது 26. பி.எஸ்சி. ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் (டாக்டருக்குக் கீழே நின்று நோயாளியைக் கவனிக்கும் வேலைக்கான படிப்பு) சேரலாமா, வண்டி அனுபவத்தைக் கணக்கில் எடுப்பார்களா, படித்தால் வெளிநாடு போகலாமா என்று மூன்று கேள்வி. நான் அதே பாதையில் போனவள். திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம் ஐந்து வருடம் வண்டியில் ஓடிவிட்டு 27 வயதில் போய் முதல் வருட வகுப்பில் உட்கார்ந்தேன். இப்போது தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அனுபவத்தை முதலில் முடித்துவிடுவோம். எனக்கு ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை. நான் சேர்ந்தபோது +2 மதிப்பெண்தான் பார்த்தார்கள், நீட் இல்லை. மூன்று வருடப் படிப்பு, ஒரு வருடம் இன்டர்ன்ஷிப், எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டம். ஓடும் வண்டியில் ஏழு பிரசவம் பார்த்தவள் என்பதெல்லாம் விண்ணப்பத்தில் எழுத ஓர் இடமும் கிடையாது. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த வேலையே நம்மைப் போன்றவர்களை வைத்து உண்டானதுதான். அமெரிக்காவில் 1965-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற டாக்டர் முதல் வகுப்பை ஆரம்பித்தபோது சேர்த்துக்கொண்டது, கடற்படையில் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்துவிட்டு வந்த நான்கு பேரை. அடிபட்டவனைக் கையால் தூக்கிப் பழகியவர்களுக்கு மேலே சொல்லிக்கொடுத்தால் போதும் என்பது அவர் கணக்கு. நம் ஊரில் அது வேறு வாசல் வழியாக வந்தது. 1992-ல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே.எம். செரியன் இருதய அறுவை சிகிச்சைக்கு ஆள் தயார் செய்யத் தொடங்கிய படிப்பு. ஆபரேஷன் தியேட்டருக்குள் பிறந்ததால் +2 முடித்த பிள்ளைகளை எடுத்துப் பழக்குவதுதான் இங்கே வழக்கம். நமக்கென்று தனிக் கதவு இல்லை.

சரி, பிறகு ஏன் போனேன் என்று கேட்பீர்கள். ஒரு சாக்குதான் காரணம்.

சம்பா நடவு முடிந்த சமயம், ராத்திரி இரண்டு மணி இருக்கும். தண்ணீர் கட்டப் போன பெரியவர் ஒருவரைக் கடித்துவிட்டது என்று அழைப்பு. போய்ப் பார்த்தால் கெண்டைக்காலுக்கு மேலே துண்டை முறுக்கி இறுக்கியிருக்கிறார்கள், பாதம் வீங்கிப் பளபளக்கிறது. கூடவே யூரியா சாக்கில் அடித்த பாம்பையும் போட்டு, டாக்டரிடம் காட்ட வேண்டும், அதையும் ஏற்றினால்தான் ஆச்சு என்று நிற்கிறார்கள். எங்கள் பைலட் அண்ணன் (வண்டி ஓட்டுபவரை அப்படித்தான் சொல்வோம்) ஏற்ற விடமாட்டேன் என்கிறார். கடைசியில் ஒரு பையன் அதை போனில் படம் எடுத்துக்கொண்டான்: கண்ணாடி விரியன். கட்டுப்பாட்டு அறை டாக்டரிடம் போனில் கேட்டுக்கேட்டுத்தான் போனேன். வழியெல்லாம் பெரியவர் வலியைப் பற்றிப் பேசவே இல்லை, திறந்த மடையை அடைத்தார்களா இல்லையா என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் இறக்கி, படிவத்தில் கையெழுத்து வாங்கி, ஸ்ட்ரெச்சரைத் துடைத்து வைப்பதற்குள் அடுத்த அழைப்பு. அவர் பிழைத்தாரா இல்லையா, இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. இப்படித் தெரியாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று ஒரு நாள் எண்ணிப் பார்க்க உட்கார்ந்து, பாதியில் எழுந்துவிட்டேன்.

இன்டர்ன்ஷிப்பில் அதே போல ஒரு கேஸ் வந்தது, களை பறிக்கப் போன அம்மா. கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் இருபது நிமிடம் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் அப்படியே நிற்கும். அது தண்ணீர் மாதிரி ஓடியது, விஷம் ரத்தத்தை உறைய விடவில்லை என்று அர்த்தம். பத்து குப்பி விஷமுறிவு மருந்து போட்டோம், ஆறு மணி நேரம் கழித்துத் திரும்பவும் குழாய், திரும்பவும் இருபது நிமிடம். சிறுநீர் எவ்வளவு வருகிறது என்று மணிக்கு மணி நான்தான் குறித்தேன், ஏனென்றால் விரியன் கடியில் கிட்னியும் படுத்துக்கொள்ளும். இரண்டு முறை டயாலிசிஸ், பன்னிரண்டாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி எழுதியதும் நான்தான். அந்தக் கடைசிப் பக்கத்துக்காகத்தான் வந்தேன் என்று அன்றைக்குப் புரிந்தது.

ஆனால் தம்பி, கையில் இருக்கும் ஒன்று போகும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியின் பின்பக்கத்தில் நீங்கள்தான் ராஜா. போனில் டாக்டர் இருக்கிறார், சரி, ஆனால் கையும் கண்ணும் உங்களுடையது. இங்கே எதைச் செய்தாலும் தலைக்கு மேலே ஒரு டாக்டரின் பெயர் இருக்கும். நோயாளியின் கதை கேட்பது, ரவுண்ட்ஸ், தையல், தியேட்டரில் கூட நிற்பது எல்லாம் உண்டு; மருந்துச் சீட்டு அவர் கையெழுத்து. எனக்கு முதல் ஆறு மாதம் வாயை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. அப்புறம் எழுத்து வேலை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு முன் அனுமதி வாங்க ஸ்கேன் ரிப்போர்ட்டை ஏற்றி, அவர்கள் கேட்கும் விளக்கத்துக்குப் பதில் எழுதியே பாதி நாள் போகும். இதை எந்தக் கல்லூரியும் சொல்லாது.

வண்டி அனுபவம் எங்கே உதவியது என்றால், வாசலில் நின்று பார்த்தே இந்த ஆள் சரியில்லை என்று சொல்லிவிடுவேன், கூடப் படித்த பிள்ளைகளுக்கு அது வர நாளாயிற்று. எங்கே காலை வாரியது என்றால் அவசரத்தில். நாலு கேள்வி கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிப் பழகிய வாய் இது. இங்கே ஒரு பாட்டி மஞ்சப்பையில் எட்டு விதமான மாத்திரையைக் கொண்டுவந்து கட்டிலில் கொட்டி, "இது சக்கரைக்கு, இது எதுக்கோ, இது எங்க வீட்டுக்காரரோடது, வீணாப் போவுதேன்னு நான்தான் போட்டுக்கிட்டேன்" என்பார். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். அந்தக் கடைசி மாத்திரையில்தான் விஷயம் இருக்கும். (பயோகெமிஸ்ட்ரி பற்றிக் கேட்காதீர்கள். ஒரு தாள் இரண்டு முறை எழுதினேன்.)

ஊரில் விளக்குவது தனி வேலை. ஃபிசிஷியன் அசிஸ்டென்டைச் சுருக்கி பி.ஏ. படிக்கிறேன் என்றால் தமிழா, வரலாறா என்பார்கள். முடித்துவிட்டு பி.ஏ.வாக இருக்கிறேன் என்றால் எந்த எம்.எல்.ஏ.வுக்கு என்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. நான் முதலில் சேர்ந்த இடத்தில் இரவு டியூட்டிக்கு டாக்டர் இல்லாமல் என்னை உட்கார வைத்தார்கள். நோயாளிகள் டாக்டரம்மா என்று கூப்பிட்டால் திருத்த வேண்டாம் என்றும் சொன்னார்கள். மூன்று மாதத்தில் வெளியே வந்துவிட்டேன். நாம் டாக்டர் இல்லை. ஏதாவது ஆகிவிட்டால் நிர்வாகம் கையை உதறிவிடும். வேலைக்குப் போகும் இடத்தில் இரவில் எந்த டாக்டர் கட்டிடத்துக்குள் இருப்பார் என்று நேர்முகத் தேர்விலேயே கேளுங்கள், பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழிலாளர் ஆணையச் சட்டத்தில் நம் தொழிலையும் சேர்த்திருக்கிறார்கள், அது நல்லதுதான். ஆனால் அரசு வேலைதான் குறி என்றால் நர்சிங் பக்கம் போங்கள், அங்கே எம்.ஆர்.பி. (அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு என்று ஒரு வழியாவது கண்ணுக்குத் தெரிகிறது. அவசர சிகிச்சையை விட்டு வர மனமில்லை என்றால் ஆக்சிடென்ட் அண்ட் எமர்ஜென்சி கேர் டெக்னாலஜி என்று ஒரு பி.எஸ்சி. இருக்கிறது, அதையும் பாருங்கள்.

வெளிநாடு: அமெரிக்காவை மனதில் வைத்துச் சேராதீர்கள். அங்கே உரிமத் தேர்வு எழுத அவர்கள் அங்கீகரித்த படிப்பை முடித்திருக்க வேண்டும், நம் பட்டத்தை வைத்து உட்கார முடியாது. அதாவது இன்னொரு முறை முதலிலிருந்து.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நான்கு வருடம் சம்பளம் இல்லை, முடித்த பிறகு கிடைத்த முதல் சம்பளமும் வண்டியில் கடைசியாக வாங்கியதைவிடப் பெரிதாக ஒன்றும் ஏறவில்லை. அம்மாவின் வளையலையும் சங்கிலியையும் கூட்டுறவு வங்கியில் வைத்துத்தான் கட்டணம் கட்டினேன். வளையல் போன வருடம் வந்துவிட்டது. சங்கிலி இன்னும் அங்கேதான் இருக்கிறது, தை மாதம் மீட்டுவிடலாம் என்று பார்க்கிறேன்.