யாரும் தப்புச் செய்யாத நெரிசல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போக்குவரத்து வலைப்பின்னல்களைக் கணித உகப்பாக்கம் (சாத்தியமானவற்றில் சிறந்ததைக் கணக்கிட்டுத் தேடும் முறை) மூலம் சீரமைப்பது பற்றி ஆய்வு செய்கிறேன். என்ன சமன்பாடு எழுதினாலும், மக்களிடம் ஒழுக்கம் இல்லாதவரை நெரிசல் தீராது என்று சோர்வாக இருக்கிறது. சிக்னல் நேரத்தைச் சரிசெய்வதா, புதுச் சாலை போடுவதா, எதில் இறங்கலாம்? இத்துறையில் தொடரலாமா?

ர.

அன்புள்ள ர,

தொடருங்கள். சிக்னலா சாலையா என்பதை உங்கள் வழிகாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கொஞ்ச நாளாக மனதில் கிடந்த ஒன்றை உங்கள் கடிதம் கிளறிவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன். ‘மக்களிடம் ஒழுக்கம் இல்லை’! நெரிசலில் மாட்டிய ஒவ்வொருவரும் முன்னால் நிற்பவனைப் பார்த்துச் சொல்வது இது. கணக்குப் படித்தவர் சொல்லலாமா?

ஜெர்மானியக் கணிதவியலாளர் டீட்ரிச் பிரேஸ் 1968இல் சொன்ன, புதுச் சாலை போட்டால் எல்லோருக்கும் நேரம் கூடவும் கூடும் என்ற முரணைப் பாடத்தில் தாண்டி வந்திருப்பீர்கள். இம்முறை பென்சிலோடு உட்காருங்கள். 4000 வண்டிகள், இரண்டு வழிகள். ஒவ்வொரு வழியிலும் ஒரு அகலச் சாலை, ஒரு குறுகல். ஒன்றில் குறுகல் முதலில், மற்றதில் கடைசியில். அகலச் சாலைக்கு எப்போதும் 45 நிமிடம். குறுகலில் 100 வண்டிக்கு ஒரு நிமிடம் வீதம் ஏறும். பாதிப்பாதியாகப் பிரிந்தால் 20ம் 45ம், 65 நிமிடம்.

இப்போது நடுவில், முதல் குறுகலின் முடிவிலிருந்து மற்ற குறுகலின் தொடக்கத்துக்கு, கடக்க நேரமே ஆகாத ஓர் இணைப்புச் சாலை போடுங்கள். ‘அத்தனை பேரும் குறுகலில் வந்தாலும் 40தானே, 45ஐவிடக் குறைவு’ என்று ஒவ்வொருவரும் சரியாகவே யோசித்து இரண்டு குறுகலையும் பிடிப்பார்கள். ஆக, 80 நிமிடம். தனியொருவன் பழைய வழிக்குத் திரும்பினால் அவனுக்கு 85. திரும்புவானா?

இதில் கோட்டைத் தாண்டியவன் யார்? சிக்னலை மீறியவன் யார்? சொல்லுங்கள். அவரவர் தனக்கு நல்ல வழியைத் தேடி வந்துசேரும் சமநிலை வேறு, எல்லோருக்குமான சராசரி நேரம் குறைவது வேறு என்று ஆங்கிலேயப் போக்குவரத்து ஆய்வாளர் வார்ட்ராப் 1952லேயே பிரித்துவைத்துவிட்டார். உங்கள் துறைக்குச் சோறு போடுவதே அந்த இடைவெளிதான் ஐயா.

மாணவனாக இருந்தபோது ஒரு கணக்கெடுப்புக்காகச் சந்திப்பில் உட்கார்ந்து வண்டி எண்ணியிருக்கிறேன். நிமிர்த்தி நாலு கோடு, குறுக்கே ஒன்று, ஐந்து. பிரதான சாலையை விட்டுப் பக்கத்துச் சந்தில் நுழைந்து மறுமுனையை அடைத்தவர்களுக்கு ஒரு கோடும் ஒரு வசவும் சேர்த்தே போட்டேன். மாலையில் தாளை அடுத்த பையனிடம் கொடுத்துவிட்டு சைக்கிளை எடுத்தேன். அவசரம். அதே சந்தில் நுழைந்தேன். திரும்பிப் பார்த்தபோது பையன் குனிந்து எனக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தான்.