மகள் வி.பி. 6 வேலையை விட வேண்டாம்

ஐயா, உங்கள் மகள் சேர்ந்த இடத்தில் இன்னும் விஷுவல் பேசிக் 6 (வி.பி. 6) என்ற பழைய புரோகிராமிங் மொழியில்தான் வேலை நடக்கிறது என்று கேட்டுப் பதறியிருக்கிறீர்கள். கவலை நியாயமானதுதான். 1998-இல் வந்த மொழி அது. அதில் எழுதுவதற்கான மென்பொருளுக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவும் 2008 ஏப்ரலோடு முடிந்துவிட்டது. ஆனால் அன்று எழுதிய பில்லிங், ஸ்டாக், சம்பளக் கணக்கு புரோகிராம்கள் இன்றைய விண்டோஸிலும் ஓடுகின்றன. அதனால்தான் முதலாளிகள் அவற்றைத் தொடத் தயங்குகிறார்கள்.

வேலையை விட்டுவிட்டு கோர்ஸில் சேரட்டும் என்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் புரோகிராமை, மைக்ரோசாஃப்ட் அதற்குப்பின் கொண்டுவந்த மென்பொருள் தளமான டாட்நெட்டுக்கு மாற்றும் நாள் வந்தால், இரண்டும் தெரிந்த ஆளைத்தான் தேடுவார்கள். மாற்றுவது பெயரளவு வேலையல்ல. வி.பி. 6-இல் 'இன்டிஜர்' என்ற முழு எண் வகை 16 பிட், 32,767 தாண்டினால் ஓவர்ஃப்ளோ, அதாவது எண் அதில் கொள்ளாமல் பிழை வரும்; டாட்நெட்டுக்கான வி.பி.யான வி.பி. டாட்நெட்டில் அதே 'இன்டிஜர்' 32 பிட். பழைய புரோகிராம் பைட் கணக்கில் எழுதிவைத்த ஃபைலை, இரண்டிலும் 'இன்டிஜர்' என்ற அதே பெயர்தானே என்று நம்பிப் படித்தால் தொகை எல்லாம் தாறுமாறாக வரும். 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்ற வரி இன்னும் மோசம்: பிழை வந்தாலும் சத்தமில்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். அங்கே எந்தப் பிழை மறைந்து கிடக்கிறது என்பது அந்தக் கணக்கோடு தினமும் பழகியவருக்குத்தான் பிடிபடும். புரோகிராம் எழுத மைக்ரோசாஃப்ட் தரும் மென்பொருளான விஷுவல் ஸ்டுடியோவோடு வந்துகொண்டிருந்த தானியங்கி மாற்றுக் கருவியையும் 2010 பதிப்பில் எடுத்துவிட்டார்கள்.

கற்க வேண்டியது வி.பி. டாட்நெட்டா, டாட்நெட்டின் இன்னொரு மொழியான சி ஷார்ப்பா என்றால் தயங்காமல் சி ஷார்ப். வி.பி.யை மொழியாக மேலும் வளர்க்கும் திட்டமில்லை என்று மைக்ரோசாஃப்டே 2020-இல் சொல்லிவிட்டது. இன்ஸ்டிடியூட்டில் பணம் கட்டும் முன் டாட்நெட்டின் எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். வலைப்பக்கம் எழுதும் பழைய முறையான வெப் ஃபார்ம்ஸ் மட்டும்தான் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். 2016-இல் தொடங்கிய புதிய டாட்நெட்டில் அது கிடையாது. தனியாகக் கற்பவர்களுக்கு விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டி பதிப்பு இலவசம், அதுவே போதும்.

ஆபீஸ் புரோகிராமின் கோட் எதையும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. அதேபோன்ற ஒரு ஸ்டாக் என்ட்ரி திரையை, டேட்டாபேஸோடு சேர்த்து, சி ஷார்ப்பில் தானே எழுதிப் பார்க்கட்டும். டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல். நன்றாக வந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

ஒரு வருடம் கழித்தும் அங்கே புதிதாக எதையும் தொடவிடவில்லை என்றால், வேலையில் இருந்தபடியே வேறிடம் தேடலாம். ரெஸ்யூமேயில் 'வி.பி. 6 தெரியும்' என்று மட்டும் போடாமல், எந்தத் திரையை எப்படி மாற்றினார், எந்தப் பிழையைக் கண்டுபிடித்தார் என்று எழுதச் சொல்லுங்கள்.