இளங்குதிரை வளையவும் முதுகை உயர்த்தவும்: கேள்வி பதில்

ஏறிப் பழகத் தொடங்கி ஓராண்டுகூட ஆகாத குதிரையை வளையவும், முதுகை உயர்த்தி உருண்ட உடலமைப்புடன் செல்லவும் பழக்குவது பற்றிச் சவாரி பழகும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் விடைகள் இவை.

கேள்வி: ஐயா, என் குதிரைக்கு 4 வயது. ட்ராட்டில் (துள்ளோட்டத்தில்) தலையைத் தூக்கி மூக்கை நீட்டிக்கொண்டே போகிறது. கழுத்தை வளைத்துக்கொள்ளக் கடிவாள வாரை எவ்வளவு இழுத்துப் பிடிக்க வேண்டும்?

இழுக்கவே வேண்டாம். குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது; அதன் உடல் இரண்டு முன்னங்கால்களுக்கும் நடுவே தசைகளால்தான் தாங்கப்பட்டிருக்கிறது. பின்னங்கால் உடலுக்கு அடியில் நன்றாக எட்டி மிதித்து, வயிற்றுத் தசைகள் இறுகி, தோள்களுக்கு நடுவிலுள்ள உடல் மேலெழும்போது கழுத்து தானாகவே வளைந்து முன்னே நீள்கிறது. தலையின் பின்புறத்திலிருந்து கழுத்தின் மேலாக ஓடும் வலிய தசைநார் தோள்மேட்டு எலும்புகளில் பற்றியிருப்பதால், குதிரை கழுத்தை முன்னும் கீழுமாக நீட்டும்போது அந்நார் விறைத்து முதுகைத் தூக்கிவிடுகிறது. கையால் தலையை உள்ளே இழுத்தால் இதற்கு நேர்மாறாகக் கழுத்து குறுகி, முதுகு குழிந்து, பின்னங்கால்கள் பின்தங்கிவிடும். பார்ப்பவருக்கு வளைந்த கழுத்து தெரியுமே தவிர, உங்கள் எடையைச் சுமக்கும் முதுகு வலுப்பெறாது.

ஜெர்மானியப் பயிற்சி முறை தாளம், தளர்வு, வாருடன் தொடர்பு, உந்துதல், நேர்நிலை, திரட்சி (எடையைப் பின்னங்கால்களுக்கு மாற்றி உடலைத் திரட்டிச் செல்வது) என்று ஆறு படிகளை வகுத்திருக்கிறது. நீங்கள் கேட்பது திரட்சிக்குரிய தோற்றம். உங்கள் குதிரை நிற்பதோ முதல் மூன்று படிகளில். ஆகவே இப்போதைக்கு ட்ராட்டின் இரண்டு தட்டும் ஒரே சீராக விழுகிறதா என்பதையும், கையை முன்னே கொடுத்தால் குதிரை மூக்கை நீட்டி வாரைத் தேடி வருகிறதா என்பதையும் மட்டும் கவனியுங்கள். தேடி வந்தால் சரியான வழியில் போகிறீர்கள். தலையை மேலே எறிந்தால், அதுவரை உங்கள் கைதான் அதைப் பிடித்து வைத்திருந்தது என்று பொருள்.

கேள்வி: வளைவை எங்கிருந்து தொடங்குவது?

20 மீட்டர் வட்டத்தில், முதலில் நடையில். வட்டத்தின் மையப் பக்கம் இருக்கும் உங்கள் உள்கால், சேணத்தை இறுக்கும் வயிற்றுவாரின் அருகே இருந்து குதிரையின் விலாவை வெளியே தள்ள வேண்டும். உங்கள் வெளிக்கால் ஒரு சாண் பின்னே நின்று குதிரையின் இடுப்பு வெளியே நழுவாமல் காக்க வேண்டும். வெளிவார் தோளைத் தாங்க வேண்டும். உள்வாரின் வேலை மிகச் சிறியது: மோதிரவிரலை ஒருமுறை மடக்கி உடனே விடுவது. குதிரையின் உள்கண்ணோரம் உங்களுக்குத் தெரிந்தால் போதும். முழு முகமும் தெரிந்தால் கழுத்து மட்டுமே வளைந்து வெளித்தோள் தப்பி ஓடுகிறது. குதிரைக்குக் கழுத்தெலும்புகள் 7, முதுகெலும்புகள் 18, இடுப்பெலும்புகள் 6. இவற்றுள் கழுத்து எளிதாக வளையும், முதுகோ பக்கவாட்டில் மிகக் கொஞ்சமே வளையும். எல்லா இளங்குதிரைகளும் கழுத்தை மட்டும் வளைத்து நம்மை ஏமாற்றுவதற்கு இதுவே காரணம்.

வட்டத்தின் நான்கு புள்ளிகளில் கூம்பு வைத்து, ஒவ்வொரு கால்வட்டத்திலும் எத்தனை அடிகள் விழுகின்றன என்று எண்ணுங்கள். நான்கும் ஒத்துவந்த பிறகே வட்டத்தைச் சிறிதாக்கலாம். 10 மீட்டர் வட்டத்திற்கு அவசரம் வேண்டாம்.

கேள்வி: இடப்பக்கம் வளைகிறது, வலப்பக்கம் மரக்கட்டை போல இருக்கிறது. ஏன்?

நமக்கு வலக்கை, இடக்கைப் பழக்கம் இருப்பதைப் போல ஒவ்வொரு குதிரையும் இயல்பாகவே ஒரு பக்கம் கோணலானது. ஆயினும் பழக்கத்தின் மேல் பழி போடுமுன் பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். கடைவாய்ப் பற்களுக்கு முன்னே முளைக்கும் சிறிய ஓநாய்ப்பல், வாய்க்குள் இருக்கும் கடிவாளத் தண்டான பிட்டில் பட்டு வலிக்கலாம். சேணமும் ஒரு பக்கம் அழுத்தலாம். தொடக்கக் காலத்தில் ஒரு பெண்குதிரையின் வலப்பக்கத்தை வாரங்கணக்கில் வாரால் வளைக்க முயன்றேன். மருத்துவர் பல்லைப் பிடுங்கிய பிறகு அது பத்து நாளில் வளைந்தது. அந்தக் குதிரையிடம் நான் பட்ட கடன் இன்றும் தீரவில்லை.

வலி இல்லையென்றால் எளிய பக்கத்தில் தொடங்கி, கடினமான பக்கத்திற்குச் சில சுற்றுகள் போய், மறுபடி எளிய பக்கத்திற்கே திரும்புங்கள். வட்டம் நிலைத்த பிறகு, பிரெஞ்சு ஆசான் லா கேரினியர் 1733-இல் வெளிவந்த தம் நூலில் போற்றிய, குதிரை முன்தோளைச் சற்று உள்ளே கொண்டுவந்து வளைந்தபடி நேர்கோட்டில் செல்லும் ‘தோள் உள்ளே’ பயிற்சியைத் தொடங்கலாம்.

கேள்வி: டிரா ரெய்ன் (வயிற்றுவாரிலிருந்து பிட் வளையம் வழியாகக் கைக்கு வரும் துணைவார்) பூட்டினால் சீக்கிரம் ரவுண்ட் ஆகிவிடும் என்கிறார்களே?

தலை சீக்கிரம் கீழே வரும். குதிரை ரவுண்ட் ஆகாது. பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் டிரஸாஜ் (குதிரையை நுணுக்கமாகப் பழக்கிக் காட்டும் சவாரிக்கலை) விதிகளின்படியும், காதுகளுக்குப் பின்னுள்ள பிடரி உச்சியே மிக உயர்ந்த புள்ளியாகவும், மூக்கு செங்குத்துக்குச் சற்று முன்னும் இருக்க வேண்டும். இளங்குதிரைக்கு நான் டிரா ரெய்னைப் பரிந்துரைப்பதில்லை. மூக்குப்பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் இடையே இரு விரல்கள் நுழையட்டும்.

கேள்வி: பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற 6 வயது தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்) வாங்கினேன். வாரைப் பிடித்தால் வேகம் கூடுகிறது.

பந்தயத்தில் அது கற்ற பாடமே அதுதான்: பிடியின் மேல் சாய்ந்து ஓடுவது. ஜாக்கி குறுகிய அங்கவடியில் உயரமாக அமர்வதால், விலாவைச் சுற்றித் தொங்கும் காலும் அதற்குப் புதிது. ஆகவே டிரஸாஜைப் பொறுத்தவரை இதையும் இளங்குதிரையாகவே எண்ணுங்கள். நடையில் நில், நட என்று பலமுறை மாற்றி, நின்ற கணமே விரலைத் தளர்த்துங்கள். ட்ராட்டில் ஓடத் தொடங்கினால் இழுக்காமல் வட்டத்திற்குள் திருப்புங்கள். வட்டமே அதை மெதுவாக்கும்.

கேள்வி: ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? சரியாக வருகிறது என்பதை எப்படி அறிவது?

4 வயதுக் குதிரைக்கு அரை மணி நேரம் போதும். நடுவில் நீண்ட வாரில் அடிக்கடி நடக்க விடுங்கள். முதுகெலும்பின் வளர்ச்சித் தகடுகள் (எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதிகள்) 5 வயதைத் தாண்டியும் முழுவதும் மூடியிருக்காது. தசை களைத்த பிறகும் வளைவைக் கேட்டால் குதிரை எதிர்க்கத்தான் கற்றுக்கொள்ளும். சரியாக வரும்போது சேணத்திற்கு அடியில் முதுகு அசைவது தெரியும், ட்ராட்டில் அமர்வது திடீரென்று எளிதாகும், வாலும் இரு பக்கமும் தளர்ந்து ஆடும், குதிரை ஒரு நீண்ட மூச்சைச் செருமி விடும். முதல் மாதங்களில் இது நாலைந்து அடிகளுக்கு மேல் நீடிக்காது. அந்த நாலைந்து அடி கிடைத்ததும் வாரை விட்டு, கழுத்தைத் தட்டிக்கொடுத்து, அன்றைக்கு இறங்கிவிடுங்கள்.