கென்யாவில் ரக்பி இன்னும் மேட்டுக்குடி விளையாட்டுதானா?

"வெள்ளையர் விட்டுச்சென்ற மேட்டுக்குடி விளையாட்டுதானே, கென்யாவில் ரக்பி உண்மையிலேயே வளர்ந்திருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அணிக்கு ஏழு பேர் ஆடும் எழுவர் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்ததால் இந்த ஐயம் எழுந்திருக்கலாம். நைரோபியில் ஒன்பது ஆண்டுகள் கணக்காளராக இருந்தவன் நான். என் மகன் அங்கே பள்ளி அணியில் ஆடினான். ஆகவே இக்கேள்வியைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை, மகனின் பள்ளியோடு ஆட வந்த அரசுப் பள்ளி அணியில் பாதிப் பேருக்கே பூட்ஸ் இருந்தது. மாற்று ஆட்டக்காரனை இறக்கும்போதெல்லாம், வெளியே வந்த பையன் கோட்டோரம் உட்கார்ந்து, செம்மண் அப்பிய பூட்ஸைக் கழற்றி, உள்ளே போகிறவனின் காலில் மாட்டி, தானே கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டான். அளவு பெரிதாக இருந்தால் நுனியில் காலுறையைச் சுருட்டித் திணித்தார்கள். அவர்கள்தாம் வென்றார்கள். அதே ஆட்டத்தில் என் மகனுக்குக் காறை எலும்பு முறிந்தது. பருவந்தோறும் விளையாட்டுக் கட்டணம் வாங்கிய பள்ளியிடம் ஒரு முதலுதவிப் பெட்டிகூட இல்லை. எதிரணிப் பயிற்சியாளர்தான் தம் சட்டையைக் கழற்றித் தூளிபோல் கட்டிக் கையைத் தாங்கவைத்தார். பள்ளிக்கு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் இன்றுவரை பதில் இல்லை.

ஒரு மைதானத்தை வைத்து ஒரு நாட்டையே எடைபோடுகிறேன் என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியல்ல. நைரோபிக்கு வெளியே நக்குருவிலும் கிசுமுவிலும் எழுவர் போட்டிகள் ஆண்டுதோறும் நடக்கின்றன. கரும்பு விளையும் ககமேகா வட்டாரத்தின் கப்ராஸ் சுகர் அணி, தலைநகரின் பழைய மன்றங்களை வென்று நாட்டின் முதன்மை மன்றப் போட்டியான கென்யா கோப்பையைக் கைப்பற்றியிருக்கிறது. 2016 ஏப்ரலில் சிங்கப்பூர் இறுதியாட்டத்தில், கென்யரான பெஞ்சமின் அயிம்பாவின் பயிற்சியில் ஆடிய கென்யா, ஃபிஜியை 30-7 என்று வீழ்த்தித் பல நகரங்களில் சுற்றுகளாக நடக்கும் எழுவர் உலகத் தொடரில் தன் முதல் சுற்றுப் பட்டத்தை வென்றது.

அணிக்குப் பதினைந்து பேர் ஆடும் பதினைவர் ஆட்டத்தில் கென்யர்கள் இதுவரை ஒரு உலகக் கோப்பைக்கும் தகுதி பெற்றதில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. 2018இல் மார்செய் நகரில் நடந்த கடைசித் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டங்களிலும் தோற்றார்கள். எழுவர் அணியும் 2023 மே மாதம் லண்டனில் கனடாவிடம் 12-7 என்று தோற்று உலகத் தொடரிலிருந்து தரமிறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே மாட்ரிடில் வென்று அத்தொடருக்குத் திரும்பியது. ஆனால் இந்தச் சறுக்கல்களை ஆடுகிறவர்கள் தலையில் கட்டுவது நியாயமல்ல. 2018 பாரிஸ் போட்டியில் தேசிய அணியினரே, தங்களுக்குச் சேரவேண்டிய பணம் வராததைக் கண்டித்து, சட்டையிலிருந்த விளம்பரச் சின்னத்தை மறைத்துக்கொண்டு களமிறங்கினார்கள். குறை மைதானத்தில் இல்லை, நிர்வாகத்தில்தான் இருக்கிறது.