வேலைக்கும் போய், பிள்ளையையும் வளர்க்கிற ஓட்டத்தில் நன்றியுணர்வு எப்படி வரும்?

எனக்கு அது மொட்டைப் பென்சில் வழியாக வந்தது.

இரண்டு வருடம் முன்பு என் கணவர் வேலை விஷயமாகப் பத்து நாள் வெளியூர் போயிருந்தார். மகளுக்கு அப்போது ஆறு வயது. முதல் இரண்டு நாள் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. எப்போதும் நான்தானே எல்லாம் பார்க்கிறேன், இதில் புதுசாக என்ன என்றுகூட நினைத்தேன். மூன்றாம் நாள் காலை, ஒரு கையில் சீப்பு, இன்னொரு கையில் அலுவலக மெயில் என்று நின்றபோது மகள் பென்சில் பெட்டியைத் திறந்து நீட்டினாள். ஐந்து பென்சில், ஐந்தும் மொட்டை. ஒன்றில் வெறும் மரம்தான் தெரிந்தது.

"ஏண்டி, நேத்தே சொல்றதுக்கென்ன?"

"நான் எதுக்கும்மா சொல்லணும்? அப்பா தினம் ராத்திரி சீவி வச்சிடுவாரே."

தினம் ராத்திரி! அதே வீட்டில்தான் நானும் இருக்கிறேன், ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை. அதன்பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அவள் நகம் வளர்ந்திருந்தது. ஷூ லேஸில் விழுந்த முடிச்சை அவிழ்க்க ஆளில்லை. வகுப்புக் குழுவில் வந்த செய்திக்கு நான் மட்டும் பதில் போடவில்லை என்று ஆசிரியை தனியாகக் கேட்டார். இதெல்லாம் தானாக நடக்கிறது என்றுதான் நான் இருந்திருக்கிறேன்.

பிறகுதான் ஓர் ஆய்வைப் படித்தேன். 1979-இல் மைக்கேல் ராஸ், ஃபியோரி சிகோலி என்ற இரு உளவியலாளர்கள் செய்தது. வீட்டில் நடக்கிற 20 காரியங்களில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கணவனையும் மனைவியையும் தனித்தனியாகக் கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலானவற்றில் மொத்தத்தையே தாண்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. நாம் செய்தது நமக்குச் சட்டென்று ஞாபகம் வருகிறது, அடுத்தவர் செய்தது வருவதில்லை, அவ்வளவுதான். (சண்டையை ஆரம்பிப்பது யார் என்பதில்கூட இருவரும் தங்கள் பங்கைக் கூட்டித்தான் சொன்னார்களாம். அதை மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்து சரிபார்க்க வேண்டும்.)

ஆகவே, என் அனுபவத்தில், "எனக்கு நன்றியுணர்வே வரமாட்டேன் என்கிறது" என்பது மனசு வறண்டுபோன விஷயம் இல்லை. மற்றவர் செய்வதைப் பார்க்க நமக்கு நேரம் கிடைக்காததுதான். நாம் சமையலறையில் நிற்கும்போது அவர் கூடத்தில் பென்சில் சீவுகிறார். எப்படித் தெரியும்?

நன்றி சொல்லத் தோன்றுவதையெல்லாம் நோட்டில் எழுதிப் பார்த்தீர்களா என்று யாராவது கேட்பார்கள். பார்த்தேன். தினமும் படுக்கும் முன் மூன்று விஷயம் என்று ஆரம்பித்து, இரண்டாவது வாரமே "குடும்பம், உடம்பு, வேலை" என்று வருகைப்பதிவேடு மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன். விட்டுப்போன நாளுக்கு மறுநாள் சேர்த்து எழுதியதும் உண்டு. இருக்கிற வேலைகளோடு அதுவும் ஒரு வேலை ஆகிவிட்டது. உளவியலாளர் சோன்யா லியூபோமிர்ஸ்கி குழுவினரின் 6 வார ஆய்வில், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் மகிழ்ச்சி கூடியது, மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை என்று தெரிந்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. இப்போது வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு விஷயம். "நண்பர்கள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதமாட்டேன். "செவ்வாய்க்கிழமை மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தபோது, பக்கத்து இருக்கைத் தோழி ஒன்றும் கேட்காமல் என் மூன்று மணி மீட்டிங்கைத் தன் காலண்டருக்கு மாற்றிக்கொண்டாள்" என்று எழுதுவேன். இப்படி எழுதினால்தான் ஏதோ ஒன்று உள்ளே அசைகிறது. மறுநாள் அதை அவளிடமே சொல்லியும் விடுகிறேன்.

ஒன்று மட்டும் கவனமாக இருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேனேஜர் கூப்பிடும்போது, "வேலையாவது இருக்கிறதே, அதற்கு நன்றி" என்று உங்களையே தட்டிக்கொடுத்துக்கொள்ளாதீர்கள். அது பயம், நன்றியுணர்வு இல்லை. வீட்டிலும் அப்படித்தான். எண்ணிப் பார்த்த பிறகும் சுமை ஒரே பக்கம் இருந்தால், நோட்டை மூடிவிட்டு உட்கார்ந்து வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டியதுதான். நாங்களும் பிரித்தோம். தடுப்பூசி, பல் டாக்டர் தேதிகளெல்லாம் என் தலையில் மட்டுமே இருந்தது அவருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் ஊரிலிருந்து திரும்பிய இரவு, "பென்சில் சீவி வைக்கிறீங்களே, தேங்க்ஸ்" என்றேன். பையை இறக்கிவைத்துவிட்டு ஒரு நிமிடம் என்னை உற்றுப் பார்த்தார்.

"என்ன, எதாவது வேணுமா?"

இப்போது மகளே சீவிக்கொள்கிறாள். தூளெல்லாம் சோபாவில்.