அடி என்ன விலை, அண்ணாச்சி?

பாளையங்கோட்டையில முப்பது வருஷமா மரவேலை பாக்கேன். அதுல பாதி நாள் மரக்கடையிலயும் வாள்பட்டறையிலயும் ஹார்டுவேர் கடையிலயும் நின்ன நாள்தான். கடையில பட்ட அனுபவத்தைக் கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்லுதேன்னு சொன்னேன். வந்த கேள்வியில முக்காவாசி, காசு குடுத்து மரத்தை வண்டியில ஏத்தினதுக்கு அப்புறம் கேட்ட கேள்வி. இருக்கட்டும்.

திருநெல்வேலி டவுனில் வீடு கட்டுகிறேன். தலைவாசல் நிலைக்கு ‘அஞ்சுக்கு மூணு’ தேக்கு என்று 2.19 கன அடிக்குக் காசு வாங்கினார்கள். வீட்டில் டேப் வைத்தால் நாலே முக்காலுக்கு ரெண்டே முக்கால்தான் வருகிறது. ஏமாந்துவிட்டேனா அண்ணாச்சி?

கணக்கை முதல்ல பாத்துருவோம். நீளம் அடியில, அகலமும் கனமும் இஞ்சுல. மூணையும் பெருக்கி 144-ஆல வகுத்தா கன அடி. உங்க நிலைக்கு ஏழடிக் கால் ரெண்டு, மூணரை அடியில மேல்படி ஒண்ணு, கீழ்ப்படி ஒண்ணு. மொத்தம் 21 அடி. 21 × 5 × 3 = 315. அதை 144-ஆல வகுத்தா 2.19. கடைக்காரர் கணக்குல தப்பு இல்ல.

ஆனா நீங்க ஒரு விஷயத்தைச் சொல்லல. அளந்தது இழைக்கிறதுக்கு முன்னாலயா, பின்னாலயா? நாலு பக்கமும் இழைச்சா பக்கத்துக்கு ஒரு நூல் போகும். ரெண்டு பக்கம் சேந்தா ரெண்டு நூல், அதாவது கால் இஞ்சு. அஞ்சு நாலே முக்காலாகும், மூணு ரெண்டே முக்காலாகும். இழைச்ச மரத்துல இந்த அளவு வந்தா யாரும் உங்களை ஏமாத்தல. மரக்கடையில விலை போடுறது அறுத்த அளவுக்குத்தான்.

கடையில இருந்து இறங்கும்போதே அந்த அளவுதான்னா கதை வேற. அப்போ உங்களுக்கு வந்தது 1.90 கன அடி. கன அடி 3500 ரூபாய்னு வச்சுக்கிட்டா ஒரே நிலையில ஆயிரம் ரூபாய் கிட்டக் காணாமப் போகுது. வீட்டுக்கு அஞ்சு நிலை, எட்டு ஜன்னல்னு கூட்டிப் பாத்துக்கோங்க.

இன்னொண்ணு. அஞ்சுக்கு மூணு கட்டையில ஒரு மூலை பூரா வெள்ளையா இருந்தா அதுவும் அளவுல சேந்துதான் வரும். தேக்குன்னு நாம காசு குடுக்குறது வைரத்துக்கு, அதாவது நடுவுல இருக்குற கெட்டி மரத்துக்கு. பட்டையை ஒட்டி இருக்குற வெள்ளை சீக்கிரம் உளுத்துப் போகும். ‘வெள்ளை தள்ளி அளக்கீங்களா, சேத்தா?’ன்னு டேப்பை எடுக்கும்போதே கேக்கணும். அப்போ கேட்டா மரியாதையாப் பதில் வரும். பில்லு போட்டப்புறம் கேட்டா, ‘அதெல்லாம் அப்படித்தான் வரும் சார்’.

எங்கள் ஊர்க் கடையில் ஒரு நாள் ‘அடி 90’ என்கிறார், இன்னொரு நாள் ‘அடி 2800’ என்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மரக்கடையில மூணு அடி உண்டு தம்பி. பலகைக்கும் பிளைவுட்டுக்கும் சதுர அடி. பீடிங்கு, ரீப்பர் மாதிரி ஒல்லிச் சாமானுக்கு ஓட்ட அடி, அதாவது நீளம் மட்டும். கட்டைக்குக் கன அடி. கடைக்காரர் எல்லாத்தையும் ‘அடி’ன்னுதான் சொல்லுவார். ‘எந்த அடி?’ன்னு கேளுங்க, வெக்கப்படாதீங்க.

கடையத்துக்காரன். தோட்டத்தில் விழுந்த பூவரசை அறுக்கக் கொடுத்தேன். சுற்றளவு 48 இஞ்சு, நீளம் எட்டடி. வாள்பட்டறையில் எட்டுக் கன அடி என்றார்கள். என் பையன் கால்குலேட்டரில் போட்டுப் பத்துக்கு மேல் என்கிறான்.

ரெண்டு பேரும் சரிதான். பையன் போட்டது வட்டத்தோட பரப்பு, 10.19 வரும். பட்டறையில சுத்தளவை நாலா மடிச்சு, மடிச்சதை அதாலயே பெருக்கி, நீளத்தால பெருக்குவாங்க. 48-ஐ நாலா மடிச்சா 12 இஞ்சு, ஒரு அடி. ஒண்ணுக்கு ஒண்ணு எட்டு, எட்டுக் கன அடி. வெள்ளைக்காரன் காலத்துல இருந்து உருட்டுக்கட்டைக்கு இதான் அளவு. உருண்டையைச் சதுரமாக்கும்போது பக்கப்பலகையாவும் தூளாவும் போறதை முன்னாலயே கழிச்சுட்டாங்கன்னு வைங்க.

விக்கிறவருக்கு இந்தக் கணக்கு வலிக்கும். உங்களுக்கு இது நல்லது, ஏன்னா அறுப்புக்கூலி எட்டுக்குத்தான். பக்கப்பலகையை மட்டும் விட்டுட்டு வராதீங்க. பூவரசுப் பக்கப்பலகையில ஒரு மணை, ஒரு முக்காலி தேறும். விழுந்தது தேக்கா இருந்தா, வண்டியில ஏத்துறதுக்கு முன்னால வனச்சரக அலுவலகத்துல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

மேலப்பாளையம். அடுப்படிக்கு ‘மெரைன்’ பிளைவுட் என்று சொல்லி வாங்கினேன். எட்டே மாதத்தில் சிங்குக்குக் கீழே உப்பி, தாள் தாளாகப் பிரிந்துவிட்டது. கடையில் கேட்டால் ‘ஆசாரி சரியா ஒட்டல’ என்கிறார்கள்.

ஆசாரி மேல பழியைப் போடுறது எங்களுக்குப் பழகின விஷயம்தான்! ஒட்டுனது மைக்கா. பிரிஞ்சது பலகையோட உள்தாளுன்னா அதுல ஆசாரி என்ன செய்வான்?

‘மெரைன்’ங்கிறது வாயால சொல்லுற பேரு. பலகையில அச்சடிச்சிருக்க வேண்டியது ஐ.எஸ். 710-ங்கிற இந்தியத் தர எண். சாதாரணமா விக்கிறது ஐ.எஸ். 303. அதுக்குள்ளயே ரெண்டு ரகம் உண்டு: ஈரத்தை ஓரளவு தாங்குற எம்.ஆர்., கொதிநீரைத் தாங்குற பி.டபிள்யூ.ஆர். எம்.ஆர். பலகை அலமாரிக்குச் சரி, சிங்குக்குக் கீழே போட்டா உங்க கதைதான். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே ‘சி.எம்./எல்.’னு ஆரம்பிச்சு ஒரு நம்பர் இருக்கும். பி.ஐ.எஸ். கேர்ங்கிற செயலியில அதைப் போட்டா எந்தக் கம்பெனி, உரிமம் நடப்புல இருக்கா, எல்லாம் தெரியும். கடை வாசல்ல நின்னு ரெண்டு நிமிஷத்துல பாத்துரலாம். முத்திரை அச்சடிக்கிறது பெரிய வித்தை இல்ல, அதனால நம்பரைத்தான் பாக்கணும்.

நான் செய்யுற சோதனை ஒண்ணு உண்டு. முழுசா வாங்குறதுக்கு முன்னால அதே ரகத்துல ஒரு கைத்துண்டு கேட்டு வாங்கிட்டு வந்து பானையில போட்டுக் கொதிக்க வைப்பேன். பி.டபிள்யூ.ஆர்.னா எட்டு மணி நேரமும், 710-னா 72 மணி நேரமும் கொதியில பிரியாம நிக்கணும்ங்கிறது விதி. 72 மணி நேரத்துக்கு நம்ம வீட்டுச் சிலிண்டர் தாங்காது. ஆனா மோசமான பலகை மூணு மணி நேரத்துலயே பல்லைக் காட்டிரும். என் வீட்டுக்காரி அந்தப் பானையைத் திரும்ப அடுப்படிக்குள்ள விடல, அது வேற.

இப்போ உங்க காரியத்துக்கு வாரேன். பில்லை எடுத்துப் பாருங்க. ‘19 எம்.எம். பிளை’ன்னு மட்டும் எழுதியிருந்தா வாதாட இடம் கம்மி. 710-ன்னோ மெரைன்னோ எழுதியிருந்தா, பிரிஞ்ச துண்டு, முத்திரை தெரியுற போட்டோ, பில் மூணையும் வச்சுக்கிட்டு 1915-க்குப் போன் போடுங்க, அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதுலயும் ஆகலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். பில்லே வாங்கலன்னா, ஜி.எஸ்.டி. மிச்சம்னு சந்தோஷப்பட்டதுக்கு இதான் விலை.

தனியாக ஹார்டுவேர் கடைக்குப் போனால் என்னை யாரும் கவனிப்பதில்லை. ‘ஆசாரியக் கூட்டிட்டு வாங்கம்மா’ என்கிறார்கள். பணம் கொடுப்பது நான். ஏன் இப்படி? (அம்பாசமுத்திரம், பள்ளி ஆசிரியை)

இதுக்கு நேர்மையாப் பதில் சொன்னா என் சேக்காளிகளே என்கிட்டப் பேச மாட்டாங்க. சொல்லுதேன்.

‘உங்களுக்கு என்ன தெரியும்’ங்கிற திமிரு ஒரு காரணம், அதுல சந்தேகமில்ல. ஆசாரிக்கு வர்ற கமிஷன் இன்னொரு காரணம். கீல், தாழ்ப்பாள், பூட்டு, மைக்கா, பிளை, எதுலயும் உண்டு. கூட்டிட்டு வர்றவன் அடுத்த வீட்டு வேலையையும் அதே கடைக்குக் கொண்டுவருவான். நீங்க வாழ்நாள்ல ரெண்டு தடவைதான் வருவீங்க. அதனால கடைக்காரர் கண்ணு அவன் மேலதான் இருக்கும். கமிஷன் அவர் கைக்காசு இல்ல, உங்க பில்லுக்குள்ளதான் உக்காந்திருக்கும்.

நானும் வாங்கியிருக்கேன் தங்கச்சி. பல வருஷம். ஒரு தடவை ஒரு ரிட்டயர்டு வாத்தியார், ‘பில்லைக் குறைச்சுத் தந்துருங்க, அந்தக் காசை நான் கூலியாவே உங்களுக்குத் தாரேன்’னு கடையில வச்சே எல்லார் முன்னாலயும் சொன்னார். தலை நிமிரல எனக்கு. அதுக்கப்புறம் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேக்கேன், கடையில கை நீட்டுறதில்ல.

நீங்க செய்ய வேண்டியது: ஆசாரிகிட்டச் சாமான் பட்டியல் மட்டும் எழுதி வாங்குங்க. கீல் எத்தனை இஞ்சு, எத்தனை எண்ணம், ஸ்க்ரூ எத்தனை எம்.எம்.னு எல்லாம் இருக்கணும். அதைக் கையில வச்சுக்கிட்டு அம்பையில ஒரு கடை, திருநெல்வேலி ஜங்ஷன்ல ஒரு கடைன்னு விலை கேளுங்க. பட்டியலோட போனா ‘ஆசாரியக் கூட்டிட்டு வா’ங்கிற பேச்சு பாதி அடங்கிரும். அப்பவும் பாக்கலன்னா அந்தக் கடை உங்களுக்கு வேண்டாம்.

எந்தப் பசை நல்லது?

பேரு பெருசில்ல, டப்பாவுல தேதியைப் பாருங்க. வேலைக்கு வேண்டிய அளவுக்குச் சின்ன டப்பாவா வாங்குங்க. தண்ணி படுற இடத்துக்குத் தண்ணி தாங்குற பசைன்னு எழுதியிருக்கணும். மலிவா இருக்கேன்னு மூடி திறந்த வாளியில இருந்து அள்ளி வாங்காதீங்க.

செங்கோட்டைக்குப் போய் மரம் எடுத்தால் லாபம் என்கிறார்களே? ‘பர்மா தேக்கு, நேத்துதான் உருட்டு வந்து இறங்குச்சு’ என்று ஒரு கடையில் சொன்னார்கள்.

செங்கோட்டை 1956 வரைக்கும் திருவிதாங்கூர்ல இருந்த ஊரு. கணவாய்க்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, புனலூர். மலையாளத்து மரம் அந்த வழியா இறங்குறது பழைய வழக்கம். அங்கன பட்டறைகள் நிறைய, ரகமும் கூட. ஒரு வீட்டுக்கு மொத்த மரமும் எடுக்கீங்கன்னா போகலாம். ரெண்டு ஜன்னலுக்குன்னா வண்டி வாடகையே லாபத்தைத் தின்னுரும்.

பர்மா உருட்டு நேத்து வந்துதுன்னு சொன்னா சிரிச்சுக்கிட்டே நகந்து வந்துருங்க. மியான்மர் உருட்டுக்கட்டை ஏத்துமதியை 2014 ஏப்ரல் மாசத்தோட நிறுத்தியாச்சு. தூத்துக்குடித் துறைமுகத்துல வெளிநாட்டுத் தேக்கு வந்து இறங்குது, பொய்யில்ல. அதுல ஆப்பிரிக்கா, தென்னமெரிக்காத் தோட்டத்துல வளந்தது உண்டு. மோசம்னு சொல்ல மாட்டேன். அதுக்குப் பர்மா விலை குடுக்காதீங்கன்னுதான் சொல்லுதேன்.

அசல் பர்மா வேணும்னா பழைய மரக்கடைக்குப் போங்க. செட்டிநாட்டுப் பக்கமும் நம்ம பக்கமும் இடிக்கிற பழைய வீட்டு உத்திரம், தூண், நிலை வந்து கிடக்கும். போகும்போது ஒரு காந்தம் எடுத்துட்டுப் போங்க. உள்ள ஒடிஞ்சு கிடக்குற ஆணி உங்க இழைப்புளி அலகைக் காவு வாங்கிரும். கூரைக்குப் பனங்கை தேடுறவங்களும் அங்கனயே பாருங்க. உயிர்ப் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேணும்னு 2021-ல அரசு அறிவிச்சாச்சு.

சித்திரையில் போட்ட வேங்கைக் கதவு ஐப்பசியில் சாத்த முடியவில்லை. மரக்கடைக்காரர் கைவிரிக்கிறார். அவர் தப்புதானே?

அவர் தப்பு பாதி இருக்கலாம். ஆனா இந்த விஷயத்துல அவருக்குக் கொஞ்சம் வக்காலத்து வாங்குதேன். மரம் நீளத்துல அசையாது, அகலத்துலதான் விரியும், சுருங்கும். நம்ம ஊரு வெயில்ல சித்திரை மாசம் சுருங்கி நிக்குற பலகைக்கு நூல் பிடிச்ச மாதிரி இறுக்கமாக் கதவு போட்டா, ஐப்பசி அடைமழையில ஈரம் குடிச்சுப் பொம்மிக்கும். இடைவெளி விடாதது கதவு போட்டவர் தப்பு. மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் வார்னிஷ் அடிச்சாரான்னு கையை விட்டுத் தடவிப் பாருங்க. பத்துக்கு எட்டுக் கதவுல அடிச்சிருக்க மாட்டாங்க, ஈரம் அது வழியாத்தான் ஏறும்.

நானும் ஒரு கடையில ‘நல்லாக் காஞ்ச மரம்’னு நம்பிப் பச்சை வேங்கை வாங்கி, வெள்ளைச் சுவர் பூரா செஞ்சாறு ஒழுக நின்னவன்தான். இப்போ ஈரம் பாக்குற மீட்டர் ஒண்ணு வச்சிருக்கேன். பன்னிரண்டு சதவீதத்தை ஒட்டிக் காட்டினா எடுப்பேன், இருபதைத் தாண்டினா கட்டையைத் திரும்ப அடுக்குல வச்சுருவேன். கடைக்காரப் பையங்க மொறைப்பாங்க. மொறைக்கட்டும்.

உங்க கதவை இப்போ இழைக்காதீங்க. இப்போ இழைச்சா பங்குனியில சந்து வழியா பல்லி வரும். தை பிறந்து காஞ்சதும் பாத்துட்டு, அப்பவும் உரசுனா மட்டும் ஒரு நூல் எடுக்கச் சொல்லுங்க.

உளி வாங்க வேண்டும். ஆன்லைனா, கடையா?

கடை. கையில பிடிச்சுப் பாக்காம உளி வாங்குறது பொண்ணு பாக்காமக் கல்யாணம் பண்ணுற மாதிரி. சின்ன அரம் ஒண்ணு கொண்டு போயி அலகு ஓரத்துல லேசா ஓட்டிப் பாருங்க. அரம் வழுக்கினா இரும்பு நல்லாக் கெட்டிப்பட்டிருக்கு. கடிச்சுதுன்னா வச்சுட்டு வந்துருங்க. ஓட்டுறதுக்கு முன்னால கடைக்காரர்கிட்டக் கேட்டுக்கோங்க. ஜங்ஷன்ல ஒரு கடையில கேக்காம ஓட்டிட்டு, அந்த உளியை நானே வாங்க வேண்டியதாப் போச்சு. இன்னைக்கும் டப்பா மூடி திறக்கத்தான் ஆகுது அது.