மனிதச் சூழலியல் படித்தால் வேலை கிடைக்குமா? பட்டர்வொர்த் அம்மா ஒருவருக்குப் பதில்

வணக்கம் அம்மா. எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) முடித்த மகளுக்கு செர்டாங் யூபிஎம்மில் (மலேசிய புத்ரா பல்கலைக்கழகம்) மனிதச் சூழலியல் புலத்தில் இடம் கிடைத்திருக்கிறது, சொந்தக்காரர்களோ "சமையல், தையல் படிக்கவா அவ்வளவு தூரம் அனுப்புகிறாய்" என்று கேட்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். தயங்காமல் அனுப்புங்கள், ஆனால் எந்தப் பட்டம் என்பதை முதலில் சரியாகப் பாருங்கள்.

அவர்கள் கேட்பதும் சும்மா இல்லை. இந்தத் துறை, சமையல், தையல், குடும்ப நிர்வாகம் சொல்லித்தந்த மனையியலிலிருந்து வந்ததுதான். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மனையியல் கல்லூரி 1969இல்தான் மனிதச் சூழலியல் கல்லூரி ஆனது. அங்கே பேராசிரியராக இருந்த யூரி புரொன்ஃபென்பிரென்னர், பிள்ளையை மட்டும் பார்த்தால் போதாது, வீடு, பள்ளி, பெற்றோரின் வேலை, நாட்டின் சட்டதிட்டம் எல்லாம் சேர்ந்துதான் பிள்ளையை வளர்க்கின்றன என்று காட்டினார். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், பிறை வட்டாரத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் போகும் அம்மாவின் பையன் வகுப்பில் தூங்கி வழிந்தால் மற்றவர்கள் சோம்பேறி என்பார்கள். இதைப் படித்தவரோ, ராத்திரி அவனோடு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பார்.

யூபிஎம்மில் இந்தப் புலத்துக்குள் குடும்பவியல், பயனீட்டாளர் (நுகர்வோர்) இயல், சமூக மேம்பாடு, ஏன் இசைகூட உண்டு. வேலையும் அதற்கேற்ப மாறும். பயனீட்டாளர் இயல் என்றால் வங்கி, காப்புறுதி நிறுவனங்களின் புகார்ப் பிரிவு, உள்நாட்டு வாணிப அமைச்சு, கடனில் மாட்டியவர்களுக்கு வழிகாட்ட மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகே நிறுவனம் என்று போகலாம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாகச் செய்து வரும் வேலையை நீங்களே பார்த்திருப்பீர்கள். வாங்கிய ஃப்ரிட்ஜ் ஒரு மாதத்தில் கெட்டுப்போய்க் கடைக்காரர் கைவிரித்தால், 5 ரிங்கிட் கட்டி, வக்கீல் இல்லாமலே பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். இது தெரியாத குடும்பங்கள் நம்மில் எத்தனை! மலாய், ஆங்கிலத்தோடு தமிழிலும் உட்கார்ந்து பாரம் நிரப்பச் சொல்லித்தர ஆள் வேண்டும், அம்மா.

குடும்பவியல் என்றால் சமூக நல இலாகா, குழந்தைப் பராமரிப்பு மையங்கள், தொண்டு அமைப்புகள், அப்புறம் முதியோர் பராமரிப்பு. 2030இல் மலேசியர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் 60 வயதைத் தாண்டியிருப்பார்கள் என்று கணித்திருக்கிறார்கள், அதனால் இந்தப் பக்கம் ஆள் தேவை கூடத்தான் செய்யும்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இதை முடித்த கையோடு கவுன்சிலர் (உளவள ஆலோசகர்) என்று போர்டு மாட்ட முடியாது. 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலோசகர் வாரியத்தில் பதிந்தவர்தான் அந்தப் பெயரில் தொழில் செய்யலாம், அதற்கென்று கவுன்சலிங் பட்டம் தனியாக வேண்டும். மகளின் ஆசை அதுதான் என்றால் இப்போதே பேசிவிடுங்கள். ஆரம்பச் சம்பளத்தையும் பொறியியல் படித்த அண்ணன் பையனோடு ஒப்பிடாதீர்கள், பிள்ளை மனம் நொந்துபோகும்.

இன்று சாயங்காலம் மகளோடு உட்கார்ந்து கடிதத்தில் இருக்கும் பட்டத்தின் முழுப்பெயரைப் பாருங்கள். அதன் முன்னாள் மாணவர்கள் தொழிற்பயிற்சிக்கு எங்கே போனார்கள் என்று புல அலுவலகத்துக்குப் போன் போட்டு மகளையே கேட்கச் சொல்லுங்கள், பேசிப் பழகட்டும். பட்டத்தின் பெயரை எனக்கும் எழுதி அனுப்புங்கள், எந்தப் பயிற்சிக்கு முயலலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.